ஐந்தாவது காலடியில் ஒரு கட்டில்

காலை ஆறரை மணிக்கு, சமையலறைக்குப் போவதாக நினைத்துக்கொண்டு டிரைவர் துணி துவைக்கும் மெஷினில் போய் மோதினார். மோதிய சத்தம் அல்ல, அதற்குப் பிறகு வந்த அமைதிதான் அவர் மனைவியைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. வலித்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன் அவர்; சத்தமே வரவில்லை என்றால் வெட்கப்படுகிறார் என்று அர்த்தம். அவள் எழுந்து போய்ப் பார்த்தபோது மெஷினின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அதற்கு ஆறுதல் சொல்ல வந்தவர் போல நின்றிருந்தார்.

"எங்கங்க போனீங்க?"

"டீ போட."

"அடுப்பு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"இங்க அந்தப் பக்கம். அங்க இந்தப் பக்கம்," என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டே.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கே என்றால் அவர்கள் வாங்கப்போகிற வீடு. ஏழு மாதமாக வாங்கப்போகிற வீடு. படுக்கையறையை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி ஏழு காலடி வைத்தால் அந்த வீட்டில் சமையலறை வரும். இந்த வாடகை வீட்டில் மெஷின்தான் வரும். கண்ணை மூடி நடந்து பழகுகிறேன் பேர்வழி என்று, இன்னும் கைக்கு வராத வீட்டுக்குள் காலையிலேயே ஒரு சுற்று போய் வந்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து அவர் முழங்காலைப் பார்த்தாள்.

டிரைவர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். இருபத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவர். இப்போது ஓட்டுவதில்லை, அதே டிப்போவில் பஸ் எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று எழுதுகிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவருடைய கண்ணின் ஓரங்களிலிருந்து இருட்டு மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நேர் எதிரே இருப்பது தெரியும். பேப்பர் படிப்பார், அவளுக்கு ஊசியில் நூல்கூடக் கோத்துக் கொடுப்பார். ஆனால் காலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டூல் தெரியாது, பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் தெரியாது, பொழுது மங்கிவிட்டால் எதுவுமே தெரியாது. நடுவில் மிச்சமிருக்கிற அந்தச் சின்ன வட்டம் எத்தனை நாளைக்கு என்று கேட்டபோது கண் டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். ஒரு வருஷமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். நிரந்தரமா எந்த வீட்டுல இருக்கப்போறீங்களோ அங்க இப்பவே போயிடுங்க. பார்வை இருக்கும்போது பழகின வீடு, அப்புறம் கைவிடாது.

அன்று ஆரம்பித்ததுதான் வீடு தேடும் படலம். மூன்றாவது மாடியில், வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்று பயந்துகொண்டு ஒரு வீட்டை மனப்பாடம் பண்ண முடியாது. மகள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். மகள் வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவள். தேடித் தேடி, டிப்போவிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, படியே இல்லாத ஒரு வீட்டைப் பார்த்ததும் டிரைவர் அதன் வாசலிலேயே நின்று விட்டார். உள்ளே ஒரு பொருள் கிடையாது, ஒரு பழைய அலமாரியைத் தவிர. சுவரைத் தொட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "அடுத்த ஸ்டாப்பிங் சமையலறை. இறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க," என்று குரல் கொடுத்தார். வண்டி ஓட்டுவதை நிறுத்திய பிறகு அவர் அப்படிப் பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான். மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

வீடு அண்ணன் தங்கை இருவருக்கும் பொது. அண்ணன் இதே ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். மகன் படிப்புக்காக விற்கிறார். தங்கை வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மா போன பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. வாத்தியார் அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கை மட்டும் வந்து போட வேண்டும். அந்தத் தங்கைக்கு முதல் மாதம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் நைட் ஷிப்ட். அதற்கடுத்த மாதம் ஏதோ பேப்பர் காணவில்லை. காணாமல் போன பேப்பர் கிடைத்தபோது நர்ஸுக்குக் காய்ச்சல். இத்தனை சேதியையும் சுமந்துகொண்டு வந்து சொன்னவர் புரோக்கர். ஒவ்வொரு தடவையும், "அக்கா, அடுத்த வாரம் கண்டிப்பா முடிஞ்சிரும்," என்பார், தானே கையெழுத்துப் போடப்போகிறவர் மாதிரி.

விட்டுத் தொலைக்கலாம் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. நாலு மாதம் பார்ப்போம் என்றாள். நாலு ஐந்தாயிற்று. மாசக் கடைசி வரைக்கும், அதோடு சரி என்றாள். மாசக் கடைசியும் வந்து போயிற்று. டிரைவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாளைத் தள்ளிப் போட்டது முழுக்க அவள்தான். அவர் அந்த வீட்டைக் கற்றுக்கொண்டுவிட்டார். வாத்தியாரிடம் ஏதாவது சாக்குச் சொல்லி நாலு முறை சாவி வாங்கிப் போய் வந்திருந்தார்கள். எந்த ஜன்னல் எங்கே, எந்தக் கதவு உள்பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்கும் கைக்கும் தெரியும். அதை எப்படி வேண்டாம் என்பது? இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் செலவழித்துப் படித்த பாடம் அது. இன்னொரு வீட்டை அவர் முதலிலிருந்து படிக்க வெளிச்சம் மிச்சம் இருக்குமா என்ற கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடம்கூட.

அவள் ஒரு ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. பெரிய மனுஷர்கள் வந்து, "இன்னும் ஒரு இஞ்ச் லூஸ் பண்ணும்மா," என்று கெஞ்சுவார்கள். தையலைப் பிரித்து உள்மடிப்பைக் காட்டி, "இதுக்கு மேல துணி இல்லைங்க," என்று அவள் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். கடையில் அவ்வளவு கறாராக இருந்தவள், போன புதன்கிழமை கண் டாக்டர் வட்டம் இன்னும் சுருங்கியிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் தன் விஷயத்தில் உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். அவரோ, "அதனால என்ன, பெரிய எழுத்துப் பேப்பர் வாங்கிக்கலாம்," என்றார். இன்று மெஷினில் மோதிவிட்டு நிற்கிற மனுஷனைப் பார்த்ததும் அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே? வாத்தியாரை வரச் சொல்றேன். வீட்டுல வெச்சே பேசிருவோம். தேதி சொன்னா சரி. இல்லன்னா இன்னையோட கை கழுவிடலாம்."

"கோவப்படாம பேசுவியா?"

"நான் என்னைக்குக் கோவப்பட்டேன்?"

டிரைவர் மெஷினை இன்னொரு முறை தட்டிக் கொடுத்தார்.

கண் விஷயத்தை விற்கிறவர்களிடம் மூச்சு விடக் கூடாது என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அவசரம் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஐயோ பாவம் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது சொல்லாத காரணம். அதனால் வழக்கம் போல அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, புதுசாகக் கல்யாணமான ஜோடி மாதிரி போனாள். வாத்தியார் வாசலில் சாவியோடு நின்றிருந்தார். ஆனால் பூட்டு திறந்து கிடந்தது. கதவைத் தள்ளினால், உள்ளே ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எப்ப வந்த?" என்றார் வாத்தியார்.

"நேத்து," என்று எழுந்தாள் அவருடைய தங்கை. நாற்பது வயதிருக்கும். ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் டிரைவரின் மனைவிக்குப் பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய ஆளே வந்துவிட்டாள், இனி என்ன? வீடு பளிச்சென்று இருந்தது. ஜன்னல்களில் துவைத்த திரை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கொடியில் இரண்டு துண்டு. நமக்குக் கொடுப்பதற்காக எவ்வளவு நறுவிசாகச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். வாத்தியாரும், "நல்லதாப் போச்சு, வந்ததே வந்த, இன்னைக்கே ஒரு தேதி வெச்சிருவோம்," என்றார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே, "வெச்சுக்கலாம்ணா. அடுத்த மாசம்..." என்று இழுத்தாள்.

பெரியவர்கள் தேதி பேசட்டும் என்று டிரைவர் தன் தடத்தில் கிளம்பிவிட்டார். ஹாலிலிருந்து பின் அறைக்கு ஒன்பது காலடி, கதவு வலப்பக்கம். கையை வீசிக்கொண்டு சொந்த வீட்டில் நடப்பவர் போல நடந்தார். ஐந்தாவது காலடியில் டொக்கென்று சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். இரும்புக் கட்டில் ஒன்று, பின்பக்க நடையின் நடுவில் கிடந்தது. அதன் விளிம்பில் இடித்த காலைப் பிடித்துக்கொண்டு டிரைவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"அடி பட்டுச்சா சார்?" என்று பதறினாள் நர்ஸ்.

"போன தடவை இது இங்க இல்லையேம்மா."

"பின்னாடி சாமான் ரூம்ல பிரிச்சுப் போட்டிருந்தது. அம்மாவோட கட்டில். நான்தான் எடுத்து மாட்டினேன்."

டிரைவர் இரண்டு கையாலும் கட்டிலை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. கட்டில் காலின் மூட்டில் விரலை வைத்துத் தடவினார்.

"ஸ்க்ரூ புதுசா?"

"ஆமா. பழசு துருப்பிடிச்சிருந்தது. போன வாரம் வந்தப்ப மாத்தினேன்."

போன வாரம் என்றதும் வாத்தியார் தலை நிமிர்ந்தார். டிரைவர் ஸ்க்ரூவிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னார். "விக்கிற வீட்டுல யாரும் கட்டிலுக்குப் புது ஸ்க்ரூ போட மாட்டாங்கம்மா."

அவ்வளவுதான். அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, ஆனால் அழுது முடித்தவள் குரலில் பேசினாள். ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போடணும்னுதான் வர்றேன், என்றாள். ஆஸ்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேர், ஒருத்தி தூங்கினா ஒருத்தி டூட்டிக்குக் கிளம்புவா. இங்க வந்து படுத்தாத்தான் தூக்கம் வருது. எழுந்து பெருக்குவேன், ஒரு திரையைத் துவைப்பேன், அதுக்குள்ள ரயிலுக்கு நேரமாயிடும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் வாத்தியார்.

"நீ கேக்கவே இல்லையேண்ணா. புரோக்கரை விட்டுல்ல கேட்ட."

டிரைவரின் மனைவி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அத்தனையும் அவள் பார்த்திருந்தாள்: திரையை, கடிகாரத்தை, கொடியில் கிடந்த துண்டை. இரண்டு நல்ல கண்ணால் பார்த்துவிட்டு மெச்சிக்கொண்டு நின்றாள். பார்வை இல்லாத மனுஷனின் முழங்கால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரைந்து போன கோபம் முழுசாகத் திரும்பி வந்தது.

"ஏழு மாசம்மா," என்றாள். "உங்களுக்கு அது ஏழு மாசம். இவருக்கு அது கண்ணு. இருக்கிற கண்ணை வெச்சு ஒரு வீட்டைப் பழகிக்கிடணும்னு டாக்டர் சொன்னாரு. உங்க வீட்டைத்தான் பழகிக்கிட்டிருக்காரு. நாளைக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சுன்னா, உங்க வீட்டுச் சமையலறைக்கு வழி தெரியும். எங்க வீட்டுக்குத் தெரியாது."

"ஏய், போதும்," என்றார் டிரைவர் மெதுவாக.

நர்ஸ் அவரை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தாள். நர்ஸின் பார்வை, ஒரே நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிற பார்வை. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா யாரும் சொல்லலை," என்றாள். எழுந்தாள். "எங்க பேப்பர்? குடுங்க. இப்பவே போட்டுத் தர்றேன்."

ஒப்பந்தப் பேப்பர் டிரைவரின் மனைவியின் கைப்பையில்தான் இருந்தது. ஏழு மாதமாக அங்கேயேதான் இருந்தது, பேனாவும் கூடவே. ஜிப்பைத் திறந்தால் போதும். அவள் டிரைவரைப் பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் இருக்கும் திசையைப் பார்த்து, "உன் இஷ்டம்," என்றார். அவர் முகத்தில் ஆசையும் இருந்தது, வேண்டாம் என்பதும் இருந்தது. ஆசையைக் கண்டபோது அவள் கை ஜிப்புக்குப் போயிற்று.

கடைக்கு அப்படிச் சிலர் வருவார்கள். போய்ச் சேர்ந்தவர் சட்டையைக் கொண்டு வந்து, பையனுக்குச் சின்னதாக்கித் தா என்பார்கள். அளவெல்லாம் சரியாகச் சொல்வார்கள். அவள் சட்டையை வாங்கக் கை நீட்டினால், கொடுக்கிற கை காலரை விடாது. பேசிக்கொண்டே இருப்பார்கள், பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சட்டையில் அவள் கத்திரி வைக்க மாட்டாள். பிறகு வாங்க என்று அனுப்பிவிடுவாள். பலர் வருவதில்லை. இந்தப் பெண் கையெழுத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு கை கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது. இந்தப் பேப்பரில் கையெழுத்து விழுந்தால், கட்டிலைக் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள்தான். ஆனாலும் அவர் நடக்கிற ஒவ்வொரு தடவையும், அந்த ஐந்தாவது காலடியில், தன் கண்ணுக்கு இந்தக் கட்டில் கிடக்கும்.

"வேண்டாம்மா," என்றாள். சொன்ன பிறகு தன் குரல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியம். "நீங்க இருங்க. அண்ணனும் தங்கச்சியும் உக்காந்து பேசிக்கோங்க. முன்பணத்தை அவசரப்படாமத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

அந்த நிதானம் தெருமுனை வரைக்கும் தாங்கியது. அங்கே ஒரு டீக்கடையின் மர பெஞ்சில் உட்கார்ந்து, டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். டிரைவர் தோளைத் தடவித் தோளைத் தடவி, அது தோள்தானா என்று சந்தேகம் வந்தவர் போல முகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தார்.

"நான்தாங்க இழுத்தடிச்சேன். நாலு மாசத்துலயே விட்டிருக்கணும்."

"விட்டிருந்தா எனக்கு நாலு மாசத்து சந்தோஷந்தான் கிடைச்சிருக்கும். ஏழு மாசம் நல்லாத்தானே இருந்துச்சு அந்த வீட்டுல?"

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஒரு அழுகைகூட அழ முடியாது. மூக்கைச் சிந்திவிட்டுப் போனை எடுத்து புரோக்கரைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அவர் அடுத்த வாரம் என்று ஆரம்பிக்கும்போதே குறுக்கே வெட்டினாள். "அதை விடுங்க. தரைத் தளத்துல வேற என்ன வெச்சிருக்கீங்க? நாளைக்கு இல்ல. இப்ப."

புரோக்கர் அரை மணியில் பைக்கில் வந்து, டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற ஒரு தெருவுக்குக் கூட்டிப் போனார். "பாத்த உடனே பிடிக்காதுக்கா, பழகப் பழகப் பிடிக்கும்," என்று முன்னெச்சரிக்கையாகச் சொன்னார். உண்மைதான். யாரோ டியூஷன் நடத்திய வீடு. முன்னால் இருந்த இரண்டு அறையின் நடுச்சுவரை இடித்து நீளமான ஒரே கூடமாக்கியிருந்தார்கள். சுவரில் ஒரு பக்கம் ஓதம் ஏறி வண்ணம் உரிந்திருந்தது. குளியலறைக் கதவு சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்தவில்லை. ஆனால் கூடத்தின் அந்தக் கோடியில், உத்தரம் வரைக்கும் உயரமான இரண்டு ஜன்னல். மத்தியான வெளிச்சம் அப்படியே உள்ளே வந்து விழுந்திருந்தது. டிரைவரை வாசல் பக்கம் நிறுத்திவிட்டு, ஓதத்தைச் சுரண்டிப் பார்க்க அவள் அந்தக் கோடிக்குப் போனாள்.

"இது ஆகாதுங்க. சுவத்துல கையை வெச்சா கையோட வருது," என்று அங்கிருந்தே கத்தினாள்.

திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைத் தொடவில்லை, காலடி எண்ணவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அப்படியே நில்லு."

"என்ன, பல்லியா?"

"அசையாத. நில்லு."

ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. புரோக்கர் அவசரமாக விலகி வழி விட்டார்.

"பக்கத்துல வந்தா உன் மூக்கு மட்டும் தெரியுது. இல்லன்னா ஒரு கண்ணு," என்றார். "நம்ம வீட்டுல எங்க நின்னாலும் நீ பாதிதான். எவ்வளவு நாளாச்சு தெரியுமா, உன்னைத் தலையிலருந்து கால் வரைக்கும் மொத்தமாப் பாத்து?"

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். மிச்சமிருக்கிற அந்த வட்டத்தைக் கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று பார்ப்பதற்கென்று கணக்காக ஒதுக்கி வைத்திருந்தாள். தன்னை அதில் சேர்க்கவே இல்லை. அழுது வீங்கிய முகம்; விரல் நகத்தில் சுண்ணாம்பு. இன்றைக்கா பார்க்க வேண்டும் என்று இருந்தது.

"அக்கா, பின்பக்கம் பாத்துரலாமா?" என்றார் புரோக்கர்.

டிரைவர் முதுகு சுவரில் முட்டும் வரைக்கும் பின்னால் போனார். அவள் கலைந்திருந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பது போல, ஜன்னல் வெளிச்சத்தில் நேராக நின்றாள்.